குடை பிடித்த டிரவுட்

ஒட்டுத்தட்டாம்பாளையத்தில் புத்திசாலியே கிடையாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மூன்று பேர் இருந்தார்கள். ஊரே அவர்களிடம்தான் யோசனை கேட்டது. ஊர் அப்படி ஆனதற்குக் காரணமே அதுதான்.

மூவரில் இளையவன் நஞ்சப்பனுக்கு மலைமேல் இருந்த மயிலாத்தாள் மீது ஆசை. டிரவுட் மீன் ஓடையைக் குத்தகைக்கு எடுத்து, வருகிறவர்களுக்குத் தூண்டில் வாடகைக்கு விடுகிறவள் அவள். அவளுக்கு இஷ்டமா என்று ஒருவரும் கேட்கவில்லை; அது எந்த ஊர் நியாயமோ தெரியாது. கடைசியில் அவளே சொல்லியனுப்பினாள்: "பொழுது சாயறதுக்குள்ள என்ற ஓடையில ஒரு டிரவுட் புடிக்கறவனைக் கட்டிக்கறேன்."

மார்கழி மாதம். திரும்பி வரும்வரை ஸ்வெட்டரைக் கழற்றக்கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கென்று மலையில் சித்திரை வெயில். நஞ்சப்பனும் அவன் மாமன்மார் ஆறுச்சாமியும் திருமூர்த்தியும் குரங்குக் குல்லாவோடு சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்கள்.

"கழட்டிப் போடுங்களேன்" என்றாள் மயிலாத்தாள்.

"இன்னும் திரும்பிப் போகலீங்களே அம்மிணி" என்றார் ஆறுச்சாமி.

அவள் பெருமூச்சு விட்டு, இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ ஒன்றைத் தூண்டிலில் கட்டிக் கொடுத்தாள். "இது குளிர்த்தண்ணி மீனு. இந்த வெயிலுக்கு நெழல் தேடிப் போயிருக்கும். சத்தம் ஆகாது. உங்க நெழல் தண்ணியில விழக்கூடாது. ஈ தானா வந்து உக்காந்த மாதிரி இருக்கோணும்." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஓடைதான் சலசலவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. திருமூர்த்தி இரண்டு தரம் உதட்டில் விரல் வைத்துக் காட்டிப் பார்த்தார். அது கேட்கவில்லை. கல்லில் மோதுவதால்தானே சத்தம் என்று கல்லையெல்லாம் பொறுக்கிக் கரையில் அடுக்க ஆரம்பித்தார்.

ஆறுச்சாமி தண்ணீருக்கு மேலே பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார்.

"மாமா, நெழல் விழுகுதே?"

"இது குடையோட நெழலு மாப்ள. நம்ம நெழலத்தான் ஆகாதுன்னாங்க."

ஈயை எறிவதுதான் சிக்கலாக இருந்தது. "நாம எறிஞ்சா அது எப்படித் தானா வந்ததாகும்?" என்றான் நஞ்சப்பன். மூவரும் யோசித்தார்கள். ஈயைக் கரையில் ஒரு பாறைமேல் உட்கார வைத்து, தூண்டில் கம்பைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, அதற்குக் கூச்சமாக இருக்கக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மதியம் போயிற்று. வியர்வை ஓடையோடு ஓடிற்று. பொழுது இறங்கும் நேரத்தில் ஒரு காற்று வந்து ஈயைத் தூக்கிக் குடை நிழலில் போட்டது. அங்கே முன்பே வெயிலுக்கு ஒதுங்கியிருந்த டிரவுட் ஒன்று கவ்வியது, துள்ளியது. ஆறுச்சாமி பயந்துபோய்க் குடையை விட்டார். மல்லாக்க விழுந்த குடைக்குள் மீன் பொத்தென்று விழுந்தது.

குடையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மயிலாத்தாள் எட்டிப் பார்த்தாள். முழங்கை நீளத்துக்கு அசல் டிரவுட். அவள் முகம் வெளுத்தது.

"யார் புடிச்சது?"

"நம்ம மாப்ளதான்" என்றார் திருமூர்த்தி.

"இல்லீங்" என்றான் நஞ்சப்பன். "நான் அந்தப் பக்கம் பாத்துட்டு நின்னேன். குடைதான் புடிச்சுது."

"அப்ப முறைப்படி குடைக்குத்தான் பொண்ணு" என்றார் ஆறுச்சாமி. திருமூர்த்தியும் தலையாட்டினார்.

மயிலாத்தாள் கையை நீட்டினாள். "சொன்ன சொல் மாற மாட்டேன்" என்று குடையை வாங்கிக்கொண்டாள். "வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும். எதுத்துப் பேசாது. மீன் குழம்பு வெச்சா மிச்சம் பாக்கி இல்லாம எனக்கே."

நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் கைப்பிடியைக் குலுக்கினான். மூவரும் இறங்கினார்கள்.

முதல் வளைவு தாண்டவில்லை, மழை பிடித்துக்கொண்டது. நஞ்சப்பன் திரும்ப ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

"ஏனுங்க அம்மிணி, மாப்பிள்ளை கொஞ்சம் எங்ககூட அடிவாரம் வரைக்கும் வருவாருங்களா?"

"கல்யாணம் ஆன அன்னிக்கே மழையில அனுப்புவாங்களா?" என்று கதவைச் சாத்தினாள்.

அவன் தொப்பலாகத் திரும்பி வந்து சொன்னான்.

"நியாயந்தானே" என்றார் திருமூர்த்தி. "புது மாப்பிள்ளை. நனைஞ்சா சளி புடிச்சுக்கும்."

"ஸ்வெட்டர் வேற போடல" என்றார் ஆறுச்சாமி.