ஆற்றோடு போனவர்

“குடும்பமே வேண்டாம்னு உதறிட்டு வந்தவன்மா நான். என்னைப் போய் ஊர்க்காரன் குடும்பத்தையெல்லாம் மேய்க்க விட்டிருக்கீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?”

அம்மா கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

கேட்டவன் பெயர் செண்பகராமன். மலையடிவாரத்து மடத்துக்கு வந்து எட்டு வருடமாகிறது. அம்மா அவனைவிட வயதில் இளையவள்தான். ஆனால் மடத்துக்குத் தலைவி, அவனுக்குக் குரு. ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் சொல்லும் ரகம்.

மடத்தின் பின்வாசலிலிருந்து மலைக்குள் ஒரு பாதை போகிறது. முதலில் ஓர் ஊற்று. அப்புறம் முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடக்க வேண்டும். கடந்தால் அருவி. ஏற்றம் அதிகமில்லை. பிள்ளைகுட்டிகளோடு போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம்.

இது ஊருக்கெல்லாம் தெரிந்தது, வந்தது வினை. லீவு நாளென்றால் வேன் வேனாகக் குடும்பங்கள். புளியோதரை என்ன, ஷாம்பு பாக்கெட் என்ன, ஐயோ அந்தக் கூச்சல் என்ன! அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் வேலையை அம்மா செண்பகராமன் தலையில் கட்டிவிட்டாள்.

அவன் கேட்டது காவி. கிடைத்தது இது.

“எனக்கு எப்பம்மா காவி தருவீங்க?”

“அவசரமா?”

“எனக்குள்ள இனி ஒண்ணும் மிச்சமில்லம்மா. பொண்டாட்டி, பிள்ளை நினைப்பு கனவுல கூட வரல. எல்லாம் அத்துப்போச்சு.”

“அப்படியா?” அம்மா வெட்டிய நகத்தை ஊதித் தள்ளினாள். “வெளிய வேன் வந்து நிக்கு. போய்க் கூட்டிட்டுப் போ.”

முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தான்.

வேனிலிருந்து மூன்று நான்கு குடும்பங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கடைசியாக ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்தபடி இறங்கியவள், கோமதி.

அவன் மனைவி.

செண்பகராமன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். பாசமா என்று கேட்டால், அதெல்லாம் இல்லை. பயம். சுத்தமான பயம்.

தாடியும் மீசையும் மார்பு வரை தொங்கியது என்னவோ உண்மைதான். அதை வைத்து ஊரை ஏமாற்றலாம், கூடக் குடித்தனம் நடத்தினவளை ஏமாற்ற முடியுமா? கோமதி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது அவளுக்கு.

கத்துவாள் என்று நினைத்தான். சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று நினைத்தான். நல்லவேளை, மடத்தில் ஆண்கள் யாரும் சட்டை போடுவதில்லை.

“போலாமா, சாமி?” என்றாள் கோமதி.

சாமி!

அவன் முன்னால் நடந்தான். கூட்டம் பின்னால் வந்தது. பிடரி முழுக்க அவள் பார்வை ஏறுவது போலிருந்தது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெண்பிள்ளை தர்ஷினி. அவன் ஒரு விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வாசலைத் தாண்டியபோது அவளுக்கு மூன்று வயது. வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் சண்டை கிடையாது, கஷ்டம் கிடையாது. அவனுக்கு ஒட்டவில்லை, கிளம்பிவிட்டான்.

ஊற்றங்கரையில் எல்லோரும் மண்டியிட்டுக் கையால் அள்ளிக் குடித்தார்கள். ஐஸ் மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். தர்ஷினி மட்டும் தள்ளி நின்று பாட்டில் தண்ணீரைக் குடித்தாள்.

“அதுவும் தண்ணிதானே, பாப்பா? பயப்படாம வா,” என்றான்.

“வேண்டாம், சாமி.” அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

ஆற்றுக்கு வந்தார்கள்.

ஆறு என்று பெயர்தான். இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரு வடம் கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சின்னஞ்சிறுசுகளெல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தபடி இறங்கிக் கடந்துவிட்டன. பாறையில் நின்றது தர்ஷினி மட்டும், துணைக்குக் கோமதி. பிள்ளைக்கு உதடு வெளுத்திருந்தது.

செண்பகராமன் அக்கரைவரை போனவன், திரும்பி வந்தான். யாரையும் நடுவழியில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது மடத்து அம்மாவின் கண்டிப்பு.

“முழங்கால் தண்ணிதானே, பாப்பா?”

“எங்கப்பா ஆத்துலதான் செத்துப்போனாங்க, சாமி.”

செண்பகராமன் கோமதியைப் பார்த்தான். அவள் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு சொன்னா?”

“அம்மாதான். பெரிய வெள்ளம் வந்துச்சாம். சின்னப் பாப்பா ஒண்ணு உள்ள விழுந்துட்டாம். கரையில நின்ன ஒருத்தரும் எறங்கல. எங்கப்பா மட்டும் குதிச்சாங்க. பாப்பாவைக் கரையில தூக்கிப் போட்டுட்டு அவங்க ஆத்தோட போயிட்டாங்க.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “எங்கப்பாவுக்கு அவ்வளவு நல்லா நீச்சல் தெரியுமாம். அவங்களையே ஆறு இழுத்துட்டுப் போயிட்டுதே, சாமி. நானெல்லாம் எம்மாத்திரம்?”

செண்பகராமனுக்கு நீச்சலே தெரியாது. கிணற்றை எட்டிப் பார்த்தாலே அவனுக்குத் தலை சுற்றும்.

நெஞ்சுக்குள் என்னவோ கிழிந்தது. அத்துப்போச்சு, அத்துப்போச்சு என்று அளந்தானே, எங்கே அத்துப்போனது? சொல்லிவிட வேண்டும். இதோ நிற்கிறேன் பார், எந்த ஆறும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை என்று சொன்னால் இந்த நிமிடமே பிள்ளையின் பயம் பறந்துவிடும்.

“பாப்பா, உங்கப்பா…”

“சாமி,” என்றாள் கோமதி. குரல் உயரவில்லை. “ஆத்தைக் கடக்க வழி சொல்லுங்க. அது போதும்.”

அவன் வாயை மூடிக்கொண்டான்.

தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். மெல்லக் கையை நீட்டினாள்.

“பிடிச்சுக்கிடுதேன், சாமி. நடுவுல விட்டுர மாட்டீங்கல்ல?”

கோமதி சிரித்துவிட்டாள். சத்தமாக, ஒரே ஒரு சிரிப்பு. அம்மா தன்னைத்தான் கேலி செய்கிறாள் என்று நினைத்துப் பிள்ளை முகத்தைச் சுளித்தது.

மாட்டேன் என்று செண்பகராமன் தலையை ஆட்டினான்.

இறங்கினார்கள். நடு ஆற்றில் பாசியில் அவள் கால் வழுக்கியது. “அம்மா!” என்று அலறி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் கையை விடவில்லை. ஒரு மலையே சரிந்து வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டான்.

அக்கரையில் கால் பட்டதும் தர்ஷினி குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். தாண்டிவிட்டாள்! அவளாலேயே நம்ப முடியவில்லை. கையை உருவிக்கொண்டு அருவியைப் பார்த்து ஓடினாள்.

அவன் கை அப்படியே நீண்டு நின்றது.

அருவியில் பிள்ளைகளோடு பிள்ளையாக அவள் நனைந்துகொண்டிருந்தாள். முதலில் ஒரு விரல், பிறகு கை, பிறகு தலை. கோமதி ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

“என்னைத் தேடியா வந்தே?”

“இந்த நினைப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.” திரும்பக்கூட இல்லை அவள். “குழாயடியில நின்னாக்கூடப் பிள்ளை நடுங்குது. ஆழமில்லாத ஆறு, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக இதைவிட நல்ல பாதை கிடையாதுன்னாங்க. வந்தேன். நீங்க இங்க இருக்கிறது தெரிஞ்சிருந்தா வேற மலைக்குப் போயிருப்பேன்.”

“நான் செத்துட்டேன்னு ஏன் சொன்னே, கோமதி?”

“பள்ளிக்கூடத்துல அப்பா எங்கேன்னு கேட்டாங்க. ஓடிப்போயிட்டாருன்னு சொல்லச் சொல்லுதியளா?”

அவன் பாறையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினான்.

“அதுக்கு… இவ்வளவு நல்லவனாச் சொல்லியிருக்கியே?”

“உங்களுக்காகச் சொல்லல. பிள்ளைக்கு ஒரு நல்ல அப்பா வேண்டியிருந்துச்சு. வீட்டுல இல்ல. நானே ஒருத்தரைச் செஞ்சுக்கிட்டேன்.”

அருவி இரைந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து சேலையை உதறினாள்.

“இப்பப் பயமும் தெளிஞ்சுட்டு. அந்த மனுசனைப் பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும். தயவுசெஞ்சு நடுவுல வந்து அவரைக் கொன்னுராதீங்க.”

திரும்பும்போது ஆற்றைக் கடக்கத் தர்ஷினிக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. வடத்தைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கடந்தாள். ஆனாலும் நன்றியுள்ள பிள்ளை. பாதை முழுக்க அவன் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

“சாமி, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?”

“இல்ல.”

“நினைச்சேன்.” மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அவன் விரல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. “இந்த இறுக்கா இறுக்குவாங்க? பிள்ளை கையைப் பிடிச்சே உங்களுக்குப் பழக்கமில்ல.”

வேன் புறப்பட்டது. ஜன்னலில் ஒரு சின்னக் கை ஆடியது. கோமதியின் கை ஆடவில்லை.

தூசி அடங்குகிறவரை செண்பகராமன் ரோட்டில் நின்றான். பிறகு மடத்துக்குள் போனான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“என்ன, இன்னைக்குக் காவி கேக்கலியா?” என்றாள் அம்மா.

“வந்தது என் பொண்டாட்டியும் பிள்ளையும்மா.”

“தெரியும். அந்தப் பிள்ளைக்கு உன் மூக்கு.”

அவன் உடைந்துவிட்டான். அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னான். வெள்ளம், பாப்பா, நீச்சல், ஒன்று விடாமல். அம்மா கேட்டுக்கொண்டே பூச்சி அரித்த இலை ஒன்றைப் பிரித்து வைத்தாள்.

“எனக்குக் காவியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்மா. காலையில முதல் பஸ்ஸுக்குப் போறேன். பிள்ளை கால்ல விழுந்தாவது, நான்தான் உன் அப்பான்னு சொல்லிருதேன்.”

“சொன்னா என்ன ஆகும்?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“சொல்லு.”

“அவ அப்பா… அந்த ஆத்துல குதிச்சவரு… இல்லேன்னு ஆயிரும்.”

“அப்புறம்?”

“தூங்குற பிள்ளையை விட்டுட்டு ஓடிவந்தவன் ஒருத்தன்தான் இருப்பான்.”

“பிள்ளைக்கு அதுல ஏதாவது லாபம் உண்டா?”

“இல்லம்மா.”

“உன் பொண்டாட்டிக்கு?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குப் போறே?”

செண்பகராமன் இரண்டு கையாலும் முகத்தில் அறைந்துகொண்டான்.

“முடியலம்மா! என்னால தாங்க முடியல. சொன்னாத்தான் என் மனசு ஆறும்.”

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

“அன்னைக்கு வீட்டை விட்டு வந்தியே, அது யாரு மனசு ஆறுறதுக்கு?”