ஃப்ளக்ஸுக்குத் தமிழ்ச்சொல்

"ஒரே ஒரு சொல்லுக்காகப் பன்னிரண்டு வருஷம் போய்விட்டது அம்மா," என்றார் சங்கரபாகம்.

ஆற்றங்கரை ஆசிரமத்தில் வடிவாம்பிகை அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துறவு ஏற்பதற்குமுன் நர்ஸாக இருந்தவர். சங்கரபாகம் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். தன்னைவிட இருபது வயது இளையவரான அம்மையைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்?"

"ஃப்ளக்ஸ். இங்கிலீஷ். அறிவியல் அகராதி முழுக்க முடிந்துவிட்டது. இது ஒன்றுக்குத்தான் தமிழ் எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன்."

"அதற்கு என்ன அர்த்தம்?"

"அதுதான் சிக்கல். எங்கள் பாடத்தில் அது பாய்வது. தத்துவம் படித்தவர்களுக்கு, எதுவும் நிற்காமல் மாறிக்கொண்டே இருப்பது. வெல்டிங் பட்டறையில் அது ஒரு பொடி."

"பழைய வைத்தியப் புத்தகத்தில் சீதபேதி," என்றார் அம்மை. "நானும் பார்த்திருக்கிறேன்."

"எல்லாவற்றுக்கும் சேர்த்துப் 'பாயம்' என்று வைத்துவிடலாம் என்றேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்."

"யார் தடுத்தது?"



"எபநேசர். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். பதினெட்டு வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் அகராதி வேலை பார்த்தோம். பட்டறைப் பொடி எங்கே பாய்கிறது என்று கேட்டார். ரெண்டு உலோகத்தை ஒட்டவிடாமல் நடுவில் அழுக்கு நிற்கும். அதைக் கரைக்கிற பொடி அது. அதற்கு 'இளக்கி' என்று வைப்போம். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனிச் சொல் கொடுப்போம் என்றார்."

"நீங்கள்?"

"பத்துப் பேர் இருந்த கூட்டத்தில், பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதெல்லாம் எட்டாது என்றேன்."

அம்மையின் கை நின்றது.

"அவர்?"

"தன்னுடைய குறிப்புச் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றுபோயிற்று."

"அவரிடமே கேட்டு வாருங்கள்."

"இத்தனை வருஷம் கழித்தா?"

அம்மை கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாளையங்கோட்டையில் எபநேசரின் வீடு சங்கரபாகத்தின் வீட்டிலிருந்து மூன்றே பஸ் நிறுத்தம்.

எபநேசரின் மனைவி ஜெயசீலி கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாதா? அவங்களுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு."

எபநேசர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

"அப்புறம்," என்றார்.

"பேச்சு போயிட்டு, அண்ணாச்சி. இந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். தண்ணி வேணும்னாலும் அப்புறம். வலிச்சாலும் அப்புறம். என்னக் கூப்பிடுததும் அதுதான்."

"உங்களுக்கு எப்படிப் புரியும்?"

"மொகத்தப் பாப்பேன்."

"அப்புறம்," என்றார் எபநேசர் மறுபடியும். ஜெயசீலி போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அவர் முகத்தில் விழுந்த வெயில் மறைந்தது.

"பேச்சு இருந்த வரைக்கும் உங்களப் பத்தி ரொம்பப் பேசுவாங்க," என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள்.

பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்த வாக்கியங்கள் எதுவும் சங்கரபாகத்துக்கு ஞாபகம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எபநேசர், நீங்க சொன்னதுதான் சரி. அது அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்படிப் பேசினேன்."



"அப்புறம்," என்றது எபநேசரின் குரல்.

ஜெயசீலி காப்பியோடு வந்தாள். சங்கரபாகம் குடித்தார். வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலையில் ஆசிரமத்துக்குப் போய் அம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் மன்னிப்புக் கேட்டதற்கு அது என்ன பதில் அம்மா? 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிவிட்டாரா? 'மேலே சொல்லு' என்று கேட்டாரா? இல்லை, வெறுமே தண்ணீர்தான் கேட்டாரா? ராத்திரி முழுக்க யோசித்துவிட்டேன்."

"முகம் எப்படி இருந்தது?"

"பார்க்கவில்லை."

"அவர் மனைவியிடம் கேட்டீர்களா?"

"கேட்க வெட்கமாக இருந்தது."

ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. சங்கரபாகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பத்து வருஷம் அவருக்கு எல்லாச் சொல்லும் இருந்தது அம்மா. மூன்று நிறுத்தம்தான். நான் போகவில்லை."

அம்மை ஒரு தம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தார்.

"எனக்கு அந்த ஒரு வார்த்தையின் அர்த்தம் தெரிந்தால் போதும்," என்றார் சங்கரபாகம்.

"அப்படியானால் பொறுங்கள். அவரே வந்து சொல்லட்டும்."

"அவரால் எழுந்து நடக்க முடியாது அம்மா."

அம்மை அவரையே பார்த்தார்.

சங்கரபாகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.