இறங்குவதை மட்டும் எண்ணுகிறவள்

"இருபது தண்டால் எடுத்துட்டேன் மாஸ்டர்," என்றார் சவரிமுத்து.

"ஒண்ணுகூட எடுக்கல அண்ணாச்சி," என்றாள் ரஹ்மத். "இருபது தடவை விழுந்தீங்க."

சவரிமுத்து தரையில் கிடந்தபடியே அவளைப் பார்த்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். அவளுக்கு இருபத்தேழு. தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறாள்.

அவர் அங்கே வந்தது மனைவி சலேத்மேரிக்காக. பக்கவாதம் வந்து ஒரு வருஷமாக அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்க வேண்டும்.

உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேறு யாரும் அவளைத் தூக்க அவர் சம்மதிக்கவில்லை.

"ஏறுறப்போ நல்லாத்தானே ஏறுதேன்?"

"ஏறுறதை நான் எண்ணுறதில்ல."

"பிறகு?"

"இறங்குறதைத்தான் எண்ணுவேன்."

அவரை எழுப்பிச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"உள்ளங்கை ரெண்டையும் தோளுக்கு நேரா சுவத்துல வைங்க. முழங்கையை விரிக்காதீங்க, விலாவை ஒட்டியே வரட்டும். வயித்தை இறுக்குங்க. தலையிலேருந்து குதிகால் வரைக்கும் ஒரே கோடு. நான் அஞ்சு எண்ணி முடிக்கிற வரைக்கும் மூக்கு சுவத்துல படக் கூடாது."

மூன்றில் பட்டது.

இரண்டு வாரம் சுவர்தான். பதினைந்தாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"லாரி டயரை ஒத்தையாளா கழட்டினவன் நான். என்னைப் போயி சுவத்தைப் பிடிச்சு நிக்க வச்சிருக்கீங்க."

"டயரை எப்படிக் கீழ வைப்பீங்க?"

"வைக்கிறதென்ன? கையை விட்டா அதுவா விழுது."

ரஹ்மத் மறுபடியும் சுவரையே காட்டினாள்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ரஹ்மத் ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்போடு அவர் வீட்டுக்குப் போனாள்.

சலேத்மேரி வாசலோரம் நாற்காலியில் இருந்தாள். ஒரு மக்ரூனைக் கரையவிட்டுத் தின்றாள். இன்னொன்று கேட்டாள். பிறகு, படுக்க வேண்டும் என்றாள்.

சவரிமுத்து குனிந்து தூக்கினார். ஒரே மூச்சில் தூக்கிவிட்டார். கட்டில் வரை நடந்தார். கடைசி ஒரு சாணில் கை விட்டுப்போனது. கட்டில் முனகியது.

"கண்ணை ஏன்க்கா மூடிக்கிட்டீங்க?" என்று கேட்டாள் ரஹ்மத்.

சலேத்மேரிக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"பழக்கம்," என்றாள். கணவனை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அவுக நல்லாத்தான் தூக்குதாக."

சவரிமுத்து அசையாமல் நின்றார். அவள் கண்ணை மூடுவது அதுவரை அவருக்குத் தெரியாது. தூக்கும்போது அவள் முகம் அவர் தோளுக்குப் பின்னால் இருக்கும்.

ரஹ்மத் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலை அவள் கூடத்தைத் திறக்க வந்தபோது அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் சொல்லாமலே சுவரில் கையை வைத்தார்.

"அஞ்சு வேண்டாம் மாஸ்டர். பத்து எண்ணுங்க."

"முதல்ல அஞ்சு வரட்டும் அண்ணாச்சி."

சுவருக்குப் பிறகு மேசை. மேசைக்குப் பிறகு பெஞ்சு. தோள் வலித்த நாட்களில் அவளே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினாள். இடுப்பு தொய்ந்தால் விரல் நுனியால் தொட்டுக் காட்டினாள். எத்தனை எடுத்தோம் என்று அவர் அதன்பிறகு எண்ணவேயில்லை.

நான்காவது மாதம் தரைக்கு வந்தார்.

மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. ஐந்து எண்ணி முடித்தபோது நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. அங்கேயே நின்றார். பிறகு ஏறினார்.

"ஒண்ணு," என்றாள் ரஹ்மத்.

அன்று அவர் அதற்கு மேல் எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் சலேத்மேரி படுக்க வேண்டும் என்றாள். சவரிமுத்து குனிந்து, இரண்டு கையையும் கொடுத்து அவளைத் தூக்கினார். கட்டில் வரை நடந்தார். அவள் வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கட்டில் முனகவில்லை.

கொஞ்ச நேரம் போயிற்று. கண்ணைத் திறக்காமலே அவள் கேட்டாள்.

"ஏன் நிக்கிய? இறக்குங்க."

சவரிமுத்து அவள் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.