மைனாக்கள் சுமந்து போன பாடம்

நாணற்குளத்தில் நீலவேணி என்று ஒரு மீன்கொத்தி இருந்தது. நாவல் கிளையிலிருந்து அது பாய்ந்தால் மீனோடுதான் மேலே வரும். ஒருமுறைகூடக் குறி தவறியதில்லை.

துணையை இழந்த பிறகு நான்கு குஞ்சுகளையும் அது தனியாகவே வளர்த்தது. அக்கம்பக்கத்து இளம் பறவைகள் அதனிடம் மீன் பிடிக்கக் கற்க வந்தன. காலையில் ஐந்து, மாலையில் நான்கு. பாடம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு மீனை வைத்துவிட்டுப் போகும். குஞ்சுகளின் வயிறு அதில்தான் நிறைந்தது.

ஒருநாள் மலைமைனாக் கூட்டத்தின் தலைவனான சொல்லழகன் என்ற மைனா பறந்து வந்தது.

"அக்கா, ஒவ்வொருவருக்கும் இப்படித் தொண்டை கிழியக் கத்த வேண்டுமா?" என்று கேட்டது.

"கத்தாமல் எப்படிச் சொல்லித் தருவது?"

"எங்கள் மைனாக்களிடம் முழுப் பாடத்தையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அப்படியே மனப்பாடம் செய்துகொள்வார்கள். காட்டில் உள்ள எல்லாக் குளங்களுக்கும் போய் உங்கள் குரலிலேயே சொல்வார்கள். கற்கிறவர்கள் எங்களுக்கு ஒரு பழம் தருவார்கள். உங்களுக்கு ஒரு மீன்! நீங்கள் கிளையில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்!"

நீலவேணிக்குத் தலை சுற்றியது. நல்ல யோசனை போலவும் இருந்தது. எங்கேயோ இடிப்பது போலவும் இருந்தது.

கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமையிடம் போய்க் கேட்டது.

"தாராளமாகச் செய்! ஒருமுறை உழைப்பு, பலமுறை சாப்பாடு!" என்றது ஆமை. நான்கு அடி நடந்த பிறகு திரும்பிப் பார்த்து, "ஆனால் எனக்கென்னவோ வேண்டாம் என்றுதான் படுகிறது" என்றது.

"இரண்டில் எது?"

"அதுதான் எனக்கும் தெரியவில்லை!" என்று சொல்லிவிட்டு ஆமை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

கடைசியில் நீலவேணி சம்மதித்தது. மாணவர்களுக்குப் பத்து நாள் விடுமுறை விட்டது.

பாடம் சொல்ல உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. தான் எப்படி மீன் பிடிக்கிறோம் என்று அது யோசித்ததே இல்லை! இறக்கையை எப்போது மடக்குவது? பாயும் முன்பா, பாய்ந்த பிறகா? சொல்லிப் பார்த்தது. மாற்றிச் சொன்னது. சரிபார்ப்பதற்காக ஒருமுறை பாய்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வெறும் அலகோடு மேலே வந்தது.

"இதையும் மனப்பாடம் செய்யணுமா?" என்று கேட்டது ஒரு குட்டி மைனா.

"வேண்டாம், வேண்டாம்! இதை விட்டுவிடு!"

பத்து நாள் என்றது இருபது நாள் ஆனது. காத்துக் காத்துப் பார்த்த மாணவர்கள் மறுகரையில் இருந்த நீர்க்காகத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 'போகட்டும்! இனி காடு முழுக்க நமக்கு மாணவர்கள்தானே!' என்று நீலவேணி மனதைத் தேற்றிக்கொண்டது.

மைனாக்கள் புறப்பட்டுப் போயின. முதல் மூன்று நாள் கெண்டையும் அயிரையுமாக மீன்கள் வந்து குவிந்தன. குஞ்சுகள் தின்று தின்று வளையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தன. நாலாம் நாள் ஒரு மீன்தான் வந்தது. ஐந்தாம் நாள் அதுவும் இல்லை. எட்டாம் நாள் திடீரென்று ஏழு மீன். பிறகு ஒன்றுமே இல்லை.

கோடை முற்றியது. குளம் பாதியாகச் சுருங்கியது. இன்று வரும், நாளை வரும் என்று நீலவேணி கிளையிலேயே உட்கார்ந்திருந்தது. வேட்டைக்குப் போன நேரத்தில் மைனா வந்துவிட்டால் என்ன செய்வது?

ஒரு காலையில் கடைக்குட்டிக் குஞ்சு தலையைத் தூக்கவில்லை.

நீலவேணி பதறிப்போய்ச் சொல்லழகனிடம் பறந்தது.

"மீன் எங்கே?"

"அக்கா, நல்ல சேதி! உங்கள் பாடத்தை நானூறு பேர் கேட்டுவிட்டார்கள்!"

"மீன் எங்கே என்று கேட்டேன்!"

"இப்போது வாராவாரம் சலுகை வாரம்தான் அக்கா. பழம் மட்டும் தந்தால் போதும், மீன் வேண்டாம் என்று அறிவித்துவிட்டோம். கூட்டம் சேர வேண்டாமா? அப்புறம், பாதிப் பேர் முதல் பாடத்தோடு எழுந்து போய்விட்டார்கள்."

"யாரைக் கேட்டு என் மீனை விட்டுக்கொடுத்தீர்கள்?"

"உங்கள் பெயர் பரவுகிறதே அக்கா!"

பெயரைக் குஞ்சுக்கு எப்படி ஊட்டுவது? நீலவேணிக்கு அழுகை வந்தது. அந்த நானூறு பேரில் யாராவது மீன் தருவார்களா என்று பார்க்கப் பக்கத்தில் இருந்த செம்மண் குட்டைக்குப் பறந்தது.

அங்கே ஒரு மைனா நீலவேணியின் குரலில் முழங்கிக்கொண்டிருந்தது. "பயப்படாதே! முழு வேகத்தில் பாய்!" ஓர் இளம் மீன்கொத்தி முழு வேகத்தில் பாய்ந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு சாண் ஆழம்கூட இல்லாத கலங்கல் தண்ணீர். அடியில் பாறை. அலகின் நுனி உடைந்து அது கரையில் துடித்தது.

"ஆழம் இல்லாத இடத்தில் சாய்வாக அல்லவா பாய வேண்டும்! ஏன் சொல்லவில்லை?" என்று நீலவேணி அலறியது.

"அது பாடத்தில் இல்லையே!" என்றது மைனா.

"அவர்கள் கேட்கவில்லையா?"

"கேட்டார்கள். எனக்குப் பாடம் மட்டும்தானே தெரியும்?"

நீலவேணி கூனிக்குறுகிப் போனது. நேரில் சொல்லியிருந்தால் அந்தத் தண்ணீரைப் பார்த்ததுமே தடுத்திருக்கும். அந்தக் குட்டையில் அகப்பட்ட ஒரே மீனைப் பிடித்து அடிபட்ட பறவைக்குக் கொடுத்தது. 'இந்தப் பாடமே வேண்டாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும்' என்று முடிவு செய்துகொண்டு சொல்லழகன் இருந்த மலைப்பக்கம் பறந்தது.

வழியில் களைப்பாற ஓர் ஓடைக்கரையில் இறங்கியது. "இறக்கையை மடக்கு, மூச்சை அடக்கு!" என்று யாரோ முணுமுணுப்பது கேட்டது. ஒரு கால் நொண்டியான பெண் மீன்கொத்தி ஒன்று ஓடையில் பாய்ந்து விரால் குஞ்சோடு மேலே வந்தது.

"இதை எங்கே கற்றாய்?" என்று கேட்டது நீலவேணி.

"மைனா சொல்லித்தான். இந்தப் பக்கத்தில் கற்றுத்தர யாரும் இல்லை. நாணற்குளம் வரை பறக்க எனக்குத் தெம்பும் இல்லை. ஆறு தடவை கேட்டுக் கேட்டுப் பழகினேன்..." அது சட்டென்று நிறுத்தியது. "இந்தக் குரல்... நீங்கள்தானா அது!"

"ஆமாம்" என்றது நீலவேணி.

"மீன் தர வேண்டாம் என்று மைனா சொல்லிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. இதை எடுத்துக்கொள்ளுங்கள்!" என்று விரால் குஞ்சை முன்னால் வைத்தது அது.

நிறுத்திவிடலாம் என்று வந்த நீலவேணி மறுபடியும் குழம்பிப் போனது. ஒருத்திக்கு அலகு உடைந்தது. ஒருத்திக்கு வாழ்வு கிடைத்தது. இரண்டும் ஒரே பாடம்!

விரால் குஞ்சைக் கவ்விக்கொண்டு விரைந்து போய்க் கடைக்குட்டிக்கு ஊட்டியது. அது மெல்ல விழுங்கியது. அந்தி சாய்வதற்குள் தலையைத் தூக்கிக் கத்தியது.

மறுநாள் நீலவேணி சொல்லழகனிடம் கறாராகப் பேசியது. "ஆழத்தைப் பார்க்கும் பாடத்தை முதலில் சேர்க்க வேண்டும். கேட்கப்படும் கேள்விகளை வாரம் ஒருமுறை என்னிடம் கொண்டுவர வேண்டும். என் மீனை என்னைக் கேட்காமல் சலுகையில் விடக் கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு குளமாகப் போய், அது என் பாடமே இல்லை என்று சொல்லிவிடுவேன்!"

சொல்லழகன் கழுத்தைச் சொறிந்தது. "முதல் இரண்டும் சரி அக்கா. சலுகையை மட்டும் நிறுத்த முடியாது. கிளிகளும் இதே தொழிலில் இறங்கிவிட்டார்கள்! வேண்டுமானால் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் வைத்துக்கொள்கிறோம்."

நீலவேணி அரைமனதோடு தலையாட்டியது.

பிறகு அது பழைய மாணவர்களைத் தேடிப் போனது. ஐந்து பேர் நீர்க்காகத்தை விட்டு வர மறுத்துவிட்டார்கள். நான்கு பேர் திரும்பி வந்தார்கள். காலையில் அவர்களுக்குப் பாடம், மாலையில் வேட்டை என்று நீலவேணி வகுத்துக்கொண்டது. தூரத்துக் குளங்களிலிருந்து எப்போதாவது ஒரு மீன் வரும். வந்தால் குஞ்சுகளுக்குக் கொண்டாட்டம். வராவிட்டாலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

"மைனாக்களிடம் பாடம் கொடுத்தது லாபமா நஷ்டமா?" என்று ஆமை ஒருநாள் கேட்டது.

நீலவேணி தண்ணீரில் கண் வைத்தபடியே, "தெரியவில்லை" என்றது. தெரியாமலேயே அடுத்த மீனுக்குப் பாய்ந்தது.

நாம் சொல்லிவைத்த பாடம் நம்மால் போக முடியாத இடத்துக்கும் போய் உதவும். ஆனால் அதை மட்டுமே நம்பிக் கண்முன் இருக்கும் மாணவரையும் அன்றாட உழைப்பையும் கைவிட்டால் பட்டினிதான் மிஞ்சும்.