டீச்சர் எடுத்துப்போன மவுஸ்

திண்டுக்கல்லில் சவரிமுத்து மாஸ்டரைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருஷம் பள்ளிக்கூட கிரவுண்டில் விசில் ஊதியவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். கோபமும் அப்படித்தான். அதை அவர் கழற்றி வைத்து யாரும் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு குரு இருந்தாள். பெயர் ரமீஜா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள். ஒரு காலத்தில் அவரிடமே நானூறு மீட்டர் ஓட்டம் பழகியவள். அறுபது வயதில் அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாள், மாஸ்டர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார்.

"கிரவுண்டுல மாஸ்டர் சொன்னா மறுபேச்சு கிடையாது. இங்க நீங்க சொன்னா மறுபேச்சு கிடையாது டீச்சர்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அது போன் கம்பி வழியாகவே வீட்டுக்கு இன்டர்நெட் வந்த காலம். கம்ப்யூட்டர் தானாக ஒரு எண்ணுக்கு டயல் செய்யும். மோடம் என்ற சின்னப் பெட்டி கீச்சுக் குரலில் கொஞ்ச நேரம் கத்தும். இணைப்பு கிடைத்தால் திரையில் வேகம் இவ்வளவு என்று ஓர் எண் வரும். அந்த எண்ணைப் பார்த்தாலே மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு அவருடைய மொபெட் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் வந்து நின்றது.

"உடனே வாங்க டீச்சர். இல்லன்னா அந்தச் சனியனத் தூக்கிக் கிணத்துல போட்டுருவேன்."

ரமீஜா போனாள். அவருடைய மனைவி லூர்துமேரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாஸ்டர் பேச ஆரம்பிப்பதற்குள் அவளே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"எங்க பொண்ணு பிலோமி மெயில் போட்டுருக்காம்மா. சனிக்கிழமை கன்னியாஸ்திரி மடத்துல சேரப் போறா. இவரு அத முழுசாப் படிச்சிட்டு இன்னைக்கு ஏழு மணிக்குள்ள அவ ஹாஸ்டலுக்குப் போன் பண்ணணுமாம். பண்ணலன்னா நான் தனியாவே போய்ச் சேந்துக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் வர வேணாம்னுட்டா."

"போன்லயே சொல்லலாமேம்மா?"

"மூணு தடவை சொன்னா. மூணு தடவையும் இவரு பாதியிலேயே டொக்குன்னு வச்சுட்டாரு. அதான் எழுதுறேன்னா. இதக்கூட நேத்து பக்கத்து வீட்டுப் போன்லதான் சொன்னா. நம்ம போன்லதான் நாள் முழுக்க இன்டர்நெட்டாச்சே."

"ஒத்தப் பொண்ணு," என்றார் மாஸ்டர். "மாலையும் கழுத்துமாப் பாக்க வேண்டிய பொண்ணு. மடத்துக்குப் போறேன்னு சொல்லுவா, நான் கையக் கட்டிக்கிட்டுக் கேக்கணுமா? அது வேற விஷயம். இப்ப இந்த மெயில் வரணும். அது வரமாட்டேங்குது."

ரமீஜாவின் சென்டர் உட்பட வெளியே எங்கேயும் போய்ப் பார்க்கிற வசதி அந்த மெயிலுக்கு இல்லை. இந்தக் கம்ப்யூட்டரில் வந்து இறங்கினால்தான் உண்டு.

"வேகத்துக்கு என்னென்ன பண்ணுனீங்க சார்?"

மாஸ்டர் ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். பள்ளி விளையாட்டு விழாவுக்கு வைத்திருந்த நோட்டு. ஓட்டக்காரர்கள் பெயர் இருந்த இடத்தில் தேதியும் நேரமும் இணைப்பு வேகமும் வரிசையாக இருந்தன. போன் கம்பியைப் புதிதாக மாற்றியிருந்தார். படுக்கையறையில் இருந்த இன்னொரு போனைப் பிடுங்கி எறிந்திருந்தார். ஃபேன் ஓடினால் இரைச்சல் சேரும் என்று எவனோ சொன்னதை நம்பி, பங்குனி வெயிலில் ஃபேனையும் நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சண்டை போட்டது தனி.

"அங்க எல்லாம் தூங்குறாய்ங்க டீச்சர். கடைசியா மதுரையில என் சிநேகிதர் இருக்காரு, பெருமாள்னு. வேகத்தக் கூட்டுற ஸாஃப்ட்வேர் ஒண்ணு இருக்காம், அத மெயில்ல அனுப்பச் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமையே அனுப்பிட்டாராம்."

"சார், அந்த ஸாஃப்ட்வேர்…"

"அத விடுங்க. முதல்ல இதப் பாருங்க."

டயல் செய்தார். மோடம் கத்தி ஓய்ந்தது. திரையில் இருபத்தெட்டு என்று வந்தது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினார். 'ஒன்பதில் முதல் மெயில்' என்று காட்டியபடி நீலப்பட்டை ஊர ஆரம்பித்தது.

"ஊருதா, இல்லையா? எறும்புகூட இந்நேரம் மலைக்கோட்டைக்குப் போயிருக்கும்."

"சார், முதல் மெயில் எவ்வளவு பெருசுன்னா…"

"பெருசு சிறுசு இல்ல டீச்சர். லைனு சரியில்ல. இருபத்தெட்டுல ஓடுனா எப்ப வரும்? நாப்பத்தஞ்சு கெடைக்கணும். கெடைக்கிற வரைக்கும் விடக்கூடாது."

எட்டு நிமிஷம் ஆனது. பட்டை கால்வாசியைத் தாண்டவில்லை. மாஸ்டர் மவுஸைப் பிடித்து இணைப்பைத் துண்டித்தார். மறுபடி டயல் செய்தார். முப்பத்தொன்று வந்தது. பட்டை பழையபடி ஆரம்பத்திலிருந்து ஊர்ந்தது. ஆறு நிமிஷத்தில் அதையும் துண்டித்து நோட்டில் எழுதினார். அன்றைக்கு அது இருபத்தாறாவது முறை.

கிரவுண்டிலும் அவர் வழக்கம் இதுவே. யாராவது மந்தமாகப் புறப்பட்டது போல் தெரிந்தால் விசில் பறக்கும். எல்லோரும் திரும்பி வந்து கோட்டில் நிற்க வேண்டும். ரமீஜா ஒரு வருஷம் முழுக்க அவரிடம் ஓடினாள். ஓட்டம் முடிகிற இடத்துக் கயிற்றை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் மிச்சம் இருந்தது.

"சார், நான் சொல்றத ஒரு நிமிஷம்…"

"ஒரு நிமிஷம் எங்க இருக்கு? மணி நாலே முக்கால். ஏழு மணிக்கு அங்க அவ போனப் பாத்துக்கிட்டு நிப்பா. நீங்க டீச்சர்தானே? இந்தச் சனியன வேகமா ஓட வைங்க, பாப்போம்."

ரமீஜா எழுந்தாள். அவளே டயல் செய்தாள். இருபத்தெட்டு வந்தது. பட்டை ஊர ஆரம்பித்ததும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து மவுஸைக் கழற்றினாள். வயரைச் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என்ன டீச்சர் இது?"

"வீட்டுக்குப் போய் அசர் தொழுதுட்டு வந்துர்றேன் சார். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"மவுஸக் குடுத்துட்டுப் போங்க."

"தொடாதீங்க சார்."

அவள் போய்விட்டாள். மாஸ்டர் நாற்காலியை உதைத்தார். நேற்று வரைக்கும் கோட்டில் நின்று மூச்சு வாங்கிய பிள்ளை இன்றைக்குத் தன் வீட்டிலேயே தன்னைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறது என்று நினைக்க நினைக்க ஆத்திரம் ஏறியது. எக்ஸ்சேஞ்சைத் திட்டினார். மோடம் செய்தவனைத் திட்டினார். மகளுக்கு இந்த யோசனையைக் கொடுத்த மடத்தை வாய் திறந்து திட்ட முடியாமல் மனதுக்குள் திட்டினார்.

பத்தாவது நிமிஷம் போன் கம்பியைப் பிடுங்கக் கை போனது.

"மறுபேச்சு கிடையாதுன்னு எந்திரிச்சு நின்னு சொன்னது யாரு?" என்றாள் லூர்துமேரி. அவள் கதவருகே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். அவளையும் மனதுக்குள் திட்டினார்.

பட்டை பாதியைத் தாண்டியது. இத்தனை நாளில் அது பாதியைத் தாண்டி அவர் பார்த்ததில்லை. முக்கால் ஆனது. முப்பத்தெட்டாவது நிமிஷம் அது நிறைந்து, முதல் மெயில் வந்து இறங்கியது. அனுப்பியவர் மதுரை பெருமாள். விஷயம்: வேகத்தைக் கூட்டும் ஸாஃப்ட்வேர்.

மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அதுதான். பின்னால் இருந்த எட்டு மெயில்களும் ஒரு நிமிஷத்துக்குள் மடமடவென்று வந்து விழுந்தன. கடைசியில் பிலோமினா என்ற பெயர் இருந்தது. இப்போது அதைத் திறக்க மவுஸ் இல்லை.

ரமீஜா திரும்பி வந்தபோது மணி ஐந்தே முக்கால். மாஸ்டர் வாசலிலேயே நின்றார்.

"முப்பத்தெட்டு நிமிஷம் டீச்சர். அவ்வளவுதான் வேணும்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் பேசாம உக்காந்திருப்பேன்ல? ஏன் சொல்லல?"

"மூணு தடவை ஆரம்பிச்சேன் சார்."

அவள் மவுஸை மாட்டினாள். அவர் பிலோமினாவின் கடிதத்தைத் திறந்தார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"அப்பா, நான் சனிக்கிழமை போவது உறுதி. அதை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள்."

அவர் காது மடல்கள் சிவந்தன.

"பாத்தீங்களா டீச்சர்? பாத்தியாடி உம் பொண்ண? முடிவு பண்ணிட்டா. அப்புறம் இத நான் எதுக்குப் படிக்கணும்?"

மவுஸ் நகர்ந்தது. அம்பு திரையின் மேல் மூலையில் கடிதத்தை மூடுகிற பெருக்கல் குறியை நோக்கிப் போனது. கதவருகே லூர்துமேரியின் விரல்கள் ஜெபமாலையில் அப்படியே நின்றன. கடிதம் அந்த இரண்டு வரிக்குக் கீழே இன்னும் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

ரமீஜா கையை நீட்டினாள்.

"மவுஸ என்கிட்ட குடுங்க சார். கீழ படிச்சிட்டுப் போறதுக்குக் கீபோர்டுல அந்த அம்புக்குறி போட்ட பட்டன் போதும்."