களிமண் குடித்த சிவப்பு

அந்தக் காலத்தில் மீனும் பேசும், மண்ணும் பேசும். களிமண் அப்போது வெள்ளையாக இருந்தது. காலில் ஒட்டுகிறது என்று எல்லோரும் அதைத் திட்டுவார்கள்.

ஆற்றோரம் வேலாத்தா என்று ஒரு சாயக்காரி. சிவப்புத் தோய்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. மிச்சச் சாயத்தை ஆற்றில் ஊற்றுவாள். ஆறு குடித்துவிடும் என்று நினைப்பு. ஆறு எங்கே குடித்தது? எல்லாம் மடுவில் போய்த் தேங்கி நின்றது.

ஒருநாள் கெளுத்தி மீன் ஒன்று தட்டுத்தடுமாறிக் கரைக்கு வந்தது. வயிறு நிறைய முட்டை.

"ஏ ஆத்தா, உன் சேலை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கண் தெரியலை. இந்தத் தண்ணியில விட்டா ஒரு முட்டையும் பொரிக்காது. நாளைக்கு மேல என்னால தாங்கவும் முடியாது."

வேலாத்தாவுக்குச் சுருக்கென்றது. சாக்குப்போக்குச் சொல்லவில்லை. சாயக்காரிக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். வீட்டிலிருந்த வெள்ளைத் துணி அத்தனையையும் மடுவில் முக்கினாள். துணி தனக்கு வேண்டியதைக் குடித்துவிட்டுப் போதும் என்றது. தண்ணீர் சிவப்பாகவே கிடந்தது. மணலைக் கேட்டாள். எதையும் பிடித்து வைத்துப் பழக்கமில்லை என்றது மணல். பாறை வாயே திறக்கவில்லை.

காலடியில் களிமண் கேட்டது. "என்னைக் கேக்க மாட்டியா?"

"காலைப் பிடிக்கிறதைத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

"அதேதான். பிடிச்சா விட மாட்டேன்."

வேலாத்தா யோசித்தாள். "உன் வெள்ளை போயிடும். திரும்ப வெளுக்க என்னால ஆகாது."

"வெள்ளையை வச்சு நான் என்ன, கல்யாணத்துக்கா போறேன்? கரைச்சு ஊத்து."

கரைத்து ஊற்றினாள். களிமண் ஏடு ஏடாகத் தன்னைப் பிரித்தது. இடுக்கு இடுக்காகச் சாயத்தை வாங்கிக்கொண்டது. பிறகு சத்தமில்லாமல் அடியில் போய்ப் படிந்தது. மறுநாள் விடிந்தபோது மடுவின் அடிவரை தெரிந்தது. முட்டையிட்டுவிட்டு, கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு சுற்றியது.

வேலாத்தா ஒரு கட்டியை எடுத்து நல்ல தண்ணீரில் அலசிப் பார்த்தாள். சொட்டுச் சிவப்பு இறங்கவில்லை. அப்படிப் பிடித்த நிறத்தை அவள் தோய்த்த எந்தச் சேலையிலும் பார்த்ததில்லை. கட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று முதல்தான் களிமண் சிவந்து கிடக்கிறது. சாயத் தொட்டித் தண்ணீரை ஆற்றில் திறந்துவிடும் முன் சாயக்காரர்கள் அதில் களிமண் கரைத்து ஊற்றித் தெளியவிடுகிறார்கள். காலில் ஒட்டினால் மற்றவர்கள் திட்டுவார்கள். சாயக்காரர்கள் மட்டும் பேசாமல் கழுவிக்கொள்வார்கள்.