நாற்காலியும் இருபத்தேழும்

"எங்க அம்மாவுக்கு ஏதாவது ஒரு பயிற்சி சொல்லுங்க மேடம்" என்று கேட்டார் கனகசபாபதி.

கேட்கும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. இருக்காதா பின்னே? முதியவர்களின் கால் பலத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமாக ஆராய்ச்சி பண்ணுகிற மனுஷர். அறுபது தாத்தா பாட்டிகளை எழுப்பி நடக்க வைத்தவர். சொந்த அம்மா விஷயத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அவர் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு நூர்ஜஹானுக்கு அவரைவிடப் பதினாலு வயசு குறைவு. அவர் 'மேடம்' என்பார். நூர்ஜஹான் 'சார்' என்பார்.

"எத்தனை சார்?"

கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது? அந்த ஆய்வகத்தில் 'எத்தனை' என்றால் அதுதான்.

"அப்பா போனதும் அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அப்போ பதினொண்ணு. ஒரு வருஷம்தான் ஆச்சு. நேத்து நாலு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. ஒரு கோளாறும் இல்லையாம். வயசாச்சுல்லன்னுட்டார். அப்பாவைத்தான் காப்பாத்த முடியலை. அம்மாவும் படுத்துட்டாங்கன்னா நான் தாங்கமாட்டேன் மேடம்."

"வீட்டில் அம்மாவுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் வைக்கலை. ராணி மாதிரி வச்சிருக்கேன்."

நூர்ஜஹான் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஆட்கள் எழுந்து உட்காருவதை எண்ணுகிற சின்னக் கருவி உள்ளே கிடந்தது. ஒரு தடவை அமுக்கினால் ஒரு எண் கூடும். அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை வர்றேன் சார்."

சொன்னபடி வந்தார்.

கூடத்தில் பெரிய கை வைத்த நாற்காலியில் தெய்வானை அம்மாள் இருந்தார். விருந்தாளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"வாங்கம்மா, வாங்க..."

"நீங்க உட்காருங்கம்மா" என்றார் மகன்.

டிக்.

அம்மா எழுவதைத்தான் மேடம் எண்ணுகிறார் என்று நினைத்து, கனகசபாபதி மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

தபால்காரர் மணி அடித்தார். தெய்வானை அம்மாள் நிமிர்ந்தார்.

"நான் பார்த்துக்கிறேன், நீங்க உட்காருங்கம்மா."

டிக்.

மூக்குக் கண்ணாடிக்கு ஒரு தடவை. மின்விசிறிக்கு ஒரு தடவை. பூனை ஜன்னலேறி வந்ததற்கு ஒரு தடவை. டிக், டிக், டிக்.

கனகசபாபதி மாத்திரை எடுக்க உள்ளே போன நேரத்தில், தெய்வானை அம்மாள் நூர்ஜஹான் பக்கம் சாய்ந்தார்.

"எம்மவன் தங்கம் பாத்துக்கிடுங்க. ஒரு துரும்பக்கூட என்னைய எடுக்க விடமாட்டான்."

சொல்லிவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளுக்கு ஒரு வேலையும் இல்லை.

"பொழுதுதான் போகமாட்டேங்கு" என்றார் மெதுவாக.

மத்தியானம் ஆயிற்று. நூர்ஜஹான் கருவியைக் கனகசபாபதியிடம் காட்டினார்.

இருபத்தேழு.

"அட! அம்மா இருபத்தேழு தடவையா எழுந்தாங்க? அவ்வளவு இருக்காதே மேடம்."

"அம்மா எழுந்தது ரெண்டே தடவை. இது உங்க எண்ணிக்கை சார்."

"என்னோடதா? நான் என்ன பண்ணினேன்?"

அதற்குள் தெய்வானை அம்மாள் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டிருந்தார்.

"வந்ததுலயிருந்து வாய் நனையாம இருக்காங்களே சபாபதி. நான் போய் ஒரு வாய் காப்பி போட்டாறேன்."

"ஐயோ, நீங்க உட்கா..."

நூர்ஜஹானின் கட்டைவிரல் பொத்தானின் மேல் போய் நின்றது.

கனகசபாபதியின் வாய் திறந்தபடி இருந்தது. கருவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

வாயை மூடிக்கொண்டார்.

தெய்வானை அம்மாளால் முதல் தடவை முடியவில்லை. தொப்பென்று உட்கார்ந்தார். மகனின் கைகள் பரபரத்தன. அவற்றை அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றார். பெற்ற தாய் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது லேசா என்ன? கண்ணில் நீர் முட்டியது.

இரண்டாம் தடவை எழுந்துவிட்டார்.

சுவரைத் தொட்டுத் தொட்டு அடுக்களைக்குப் போனார். கனகசபாபதி பெருமூச்சு விட்டு, அம்மாவின் நாற்காலியிலேயே சரிந்தார். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. ஒரு வருஷமாகக் கேட்காத அதிகாரக் குரல் ஒன்று கிளம்பியது.

"ஏல சபாபதி! சீனி டப்பாவ எங்கல கொண்டு ஒளிச்சு வச்சிருக்க?"

"இதோ வந்துட்டேம்மா!" என்று பாதி எழுந்துவிட்டார் அவர்.

"நீங்க உட்காருங்க சார்" என்றார் நூர்ஜஹான்.